அண்ணி ஊராட்சித் தலைவருக்கு நிற்கிறார், வெளியூரில் இருக்கும் நான் என்ன செய்யலாம்?

திருப்பூர்வாசி (கேள்வி)

எங்கள் ஊர் சிவகங்கை மாவட்டம். 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் அதுவும் ஒன்று. 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்ததும் ஊராட்சி தனி அலுவலர் கைக்குப் போய்விட்டது. போன தடவை தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். அடுத்த தடவையும் அப்படித்தான் வரும் என்று ஊரில் பேச்சு. அண்ணி நிற்கப் போகிறார். யாரும் பிடித்துத் தள்ளவில்லை, அவராகவே எடுத்த முடிவு. மகளிர் குழுவில் பல வருடமாக ஊக்குநர். பேங்க் லோன் கணக்கு, கூட்டத் தீர்மானம் எல்லாம் அவர் கையெழுத்தில்தான் இருக்கும்.

அண்ணனுக்கும் சம்மதம். சிக்கலே அங்கேதான். "நீ பேரைக் கொடு, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்கிறார். அவருடைய கூட்டாளிகள் வாட்ஸப்பில் ஒரு போஸ்டர் டிசைன் அனுப்பியிருக்கிறார்கள். நடுவில் அண்ணன் கைகூப்பி நிற்கிறார், ஓரத்தில் அண்ணியின் பாஸ்போர்ட் சைஸ் படம், கீழே அண்ணனின் செல் நம்பர். இது போதாதென்று, கோயில் திருப்பணிக்கு யார் அதிகம் தருகிறார்களோ அவரைப் போட்டியில்லாமல் தலைவராக விட்டுவிடலாம் என்று ஊர்ப் பெரியவர்கள் சிலர் பேசுகிறார்களாம்.

நான் திருப்பூரில் வேலை பார்க்கிறேன். கொஞ்சம் பணம் தர முடியும், சனி ஞாயிறு ஊருக்குப் போக முடியும். அண்ணன் மனசு கோணாமல் அண்ணிக்கு உருப்படியாக என்ன செய்யலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஒன்றிய ஊழியர்

தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 சதவீதம் என்று 2016-ல் சட்டம் திருத்தியாகிவிட்டது. ஆனால் உங்கள் ஊராட்சி அதில் வருகிறதா என்பது அரசிதழ் அறிவிப்பு வந்தால்தான் நிச்சயம். அதுவரை ஊர்ப் பேச்சை நம்ப வேண்டாம்.

காத்திருக்கும் நேரத்தில் வாக்காளர் பட்டியலைப் பாருங்கள். கல்யாணமாகி வந்த பெண்களின் பெயர் பிறந்த ஊர்ப் பட்டியலிலேயே கிடப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். முன்மொழிபவர் பெயரும் பட்டியலில் இருக்க வேண்டும். வீட்டு வரி, தண்ணீர் வரி பாக்கியில்லாமல் கட்டி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வேட்புமனு பரிசீலனை அன்று எதிர்த்தரப்பு முதலில் தேடுவது இந்த மாதிரி ஓட்டையைத்தான்.

2019-ல் தலைவர் பதவிக்கு டெபாசிட் 600 ரூபாய், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 300. செலவு வரம்பு 34,000. முடிவு வந்து 30 நாளுக்குள் செலவுக் கணக்கு கொடுக்க வேண்டும், தோற்றவர்களும்தான். கொடுக்காவிட்டால் அடுத்து நிற்கவே முடியாமல் போகலாம். இந்தக் கணக்கு வேலையை நீங்கள் திருப்பூரில் இருந்தபடியே செய்யலாம். டீச்செலவைக்கூட விடாமல் எழுதுங்கள்.

கோயிலுக்குப் பணம் என்று பதவியை ஏலம் விடுவது சட்டவிரோதம். பேச்சு முற்றினால் மாவட்ட ஆட்சியரிடம் எழுத்தில் மனு கொடுங்கள். வாய்மொழிப் புகாரை யாரும் மதிப்பதில்லை.

முன்னாள் தலைவர்

ஒரு முறை தலைவராக இருந்தவள். தென்மாவட்டம், அதற்கு மேல் அடையாளம் வேண்டாம்.

போஸ்டர் பஞ்சாயத்தை இப்போதே முடியுங்கள். படத்தின் அளவைக்கூட விட்டுவிடலாம், செல் நம்பரை விடக்கூடாது. குழாயில் தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்று பதவிக்காலம் முழுக்க ஜனங்கள் கூப்பிடப்போவது அந்த நம்பரைத்தான். யார் போனை எடுக்கிறார்களோ அவர்தான் தலைவர். அண்ணியின் பெயரில் தனி சிம் வாங்கிக் கொடுங்கள். ஜெயித்த பிறகு ஓடிபியும் அதில்தான் வர வேண்டும். இப்போது நிதிக்குழு மானியத்தையெல்லாம் டிஜிட்டல் கையெழுத்து போட்டுத்தான் செலவழிக்க முடியும். பென் டிரைவ் மாதிரி ஒன்று தருவார்கள். அது கணவர் சட்டைப்பையிலோ செயலர் மேசையிலோ இருந்தால் அண்ணி நாற்காலியில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

சனி ஞாயிறு வந்தால் வீடு வீடாகப் போகாதீர்கள். சமையலறையை எடுத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளைப் பாருங்கள். நோட்டீஸ் கொடுக்க ஊரே வரும், உலை வைக்க ஒருத்தர் வரமாட்டார். நான் நின்றபோது என் நாத்தனார் செய்த அந்த ஒரு உதவியில்தான் சாயங்காலங்கள் எனக்குக் கிடைத்தன. பெண்களைப் பார்க்க அதுதான் நேரம். பகலில் நூறு நாள் வேலை நடக்கும் இடம், ரேஷன் கடை வரிசை. டீக்கடையை அண்ணனிடம் விட்டுவிடுங்கள், அவருக்கும் ஒரு வேலை வேண்டுமே.

ஊராட்சித் தலைவருக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. ஒரே நேரத்தில் நான்கு சீட்டு கையில் வரும்: வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். போன தடவை அப்படித்தான் இருந்தது. வயதானவர்கள் குழம்பிப் போவார்கள். "ரோஸ் சீட்டில் நம்ம சின்னம்" என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

முக்கியமானது ஒன்று, இதை எனக்கு யாரும் முன்னாலேயே சொல்லவில்லை. தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பார்கள், துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பார்கள். செக்கில் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். எங்கள் துணைத் தலைவர், மோட்டார் ரிப்பேர் வேலையைத் தன் ஆளுக்குக் கொடுத்தால்தான் கையெழுத்து என்று உட்கார்ந்துவிட்டார். கோடைக்காலம். ஜனங்கள் திட்டியது என்னை. அதனால் அண்ணிக்கு மட்டும் ஓட்டுக் கேட்டால் போதாது. அவருடைய குழுப் பெண்கள் வார்டுகளுக்கு நிற்க வேண்டும். பணம் தருவதாக இருந்தால் அவர்களுடைய டெபாசிட்டுக்குக் கொடுங்கள், வார்டுக்கு 2019-ல் 200 ரூபாய்தான்.

டீக்கடை பெஞ்சு

எல்லாம் சரி, ஜெயித்தாலும் அண்ணன்தான் தலைவர். எத்தனை ஊரில் பார்த்தாச்சு. மேலே மட்டும் என்ன வாழுது? 2021-ல் 234 எம்எல்ஏக்களில் பெண்கள் 12 பேர்.

வில்லாபுரத்தில் வளர்ந்தவன்

அந்த 12-க்குக் காரணம் சட்டமன்றத்தில் இடஒதுக்கீடு இல்லாததுதான். 2023-ல் மூன்றில் ஒரு பங்கு என்று சட்டம் போட்டார்கள், கூடவே மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தொகுதி மறுவரையறை முடிந்தால்தான் என்று ஒரு பூட்டும் போட்டார்கள். உள்ளாட்சியில் அந்தப் பூட்டு இல்லை. 2022-ல் சென்னை மாநகராட்சிக்கு 28 வயதில் பிரியா மேயரானது அப்படித்தான்.

அப்புறம், எல்லாப் பெண்களையும் டம்மி என்று சொல்லாதீர்கள். எங்கள் பகுதியில் 1996-ல் லீலாவதி மதுரை மாநகராட்சி கவுன்சிலரானார். குடிநீருக்காக ரவுடிகளை எதிர்த்து நின்றார். 1997 ஏப்ரல் 23 அன்று வெட்டிக் கொன்றார்கள். டம்மியை யாரும் கொல்ல வரமாட்டான்.

திருப்பூர்வாசிக்கு ஒன்று. மிரட்டல், ஆபாச மெசேஜ் எது வந்தாலும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, ஸ்டேஷனில் புகார் கொடுத்து, புகாரை வாங்கிக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது கேட்டு வாங்குங்கள். ராத்திரிப் பிரச்சாரத்துக்கு அண்ணி தனியாகப் போக வேண்டாம்.

திருப்பூர்வாசி

எல்லோருக்கும் நன்றி. அண்ணியிடம் பேசினேன். அவர் பெயர் பட்டியலில் இருக்கிறது, ஆனால் அப்பா பெயருடன். திருத்த மனு கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். சிம் விஷயத்தை அண்ணனிடம் அண்ணியே சொல்லிவிட்டார். அண்ணன் ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாராம், அப்புறம் அவரே போய் வாங்கி வந்துவிட்டார். கிராம சபை எப்போது கூடினாலும் எழுந்து பேசுவது என்றும் முடிவு.

வார்டுக்கு நிற்கக் குழுவில் மூன்று பேர் தயார். நான்காவது பெண் நன்றாகப் பேசக்கூடியவர், கணவருக்கும் ஆட்சேபம் இல்லை, மாமியார்தான் விடமாட்டேன் என்கிறார். ஊரில் அவர் சொல்லுக்கு மரியாதை அதிகம், எதிர்த்துப் பேச எல்லோருக்கும் பயம். என்ன செய்வது?

முன்னாள் தலைவர்

அந்த மாமியாரையே நிற்கச் சொல்லுங்கள்.