ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் சி வந்துவிட்டது, பிரீ-மெட்டை விட்டுவிட வேண்டியதுதானா?

பாதிராத்திரி_லேப்:

அமெரிக்காவில் காலேஜ் இரண்டாம் ஆண்டு, பிரீ-மெட், அதாவது பிறகு மெடிக்கல் ஸ்கூலுக்கு விண்ணப்பிக்கத் தேவையான பாடங்களைப் படிக்கிறேன். நேற்று கிரேடு வந்தது, ஆர்கானிக் முதல் செமஸ்டரில் சி. சி பிளஸ் கூட இல்லை, மொட்டையாக சி. இதுவரை சயன்ஸ் பாடங்களில் ஏ, ஏ மைனஸ், நடுவில் ஒன்றிரண்டு பி பிளஸ் என்று ஜிபிஏ (கிரேடுகளின் சராசரி) நாலுக்கு 3.7-இல் ஓடிக்கொண்டிருந்தது, இப்போது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கவே மனசு வரவில்லை. படிக்காமல் வாங்கியிருந்தால்கூட சரி போகட்டும் என்று விட்டுவிடலாம். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து எல்லா ரியாக்‌ஷனையும் ஃப்ளாஷ்கார்டு போட்டு மனப்பாடம் செய்தேன், பரீட்சையில் பார்த்தால் ஒரு மூலக்கூறுகூட நான் படித்த மாதிரியே இல்லை.

எங்கள் வகுப்பு குரூப் சாட்டில் ஒருத்தர் "சயன்ஸில் சி வாங்கினால் மெடிக்கல் ஸ்கூல் கதை முடிந்தது" என்று போட்டிருக்கிறார். அட்வைசரைப் பார்த்தால் "வேறு துறைகளையும் யோசித்து வைத்துக்கொள்ளலாமே" என்கிறார். ரீடேக் எடுக்கணுமா, அப்படியே இரண்டாம் பாகத்துக்குப் போகலாமா? வீட்டில் இன்னும் சொல்லவில்லை, அது வேறு நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. இந்த நிலைமையைத் தாண்டி வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஸ்டெத்_தொலைத்தவர்:

மெடிக்கல் ஸ்கூல் மூன்றாம் ஆண்டு. என் டிரான்ஸ்கிரிப்டிலும் ஒரு சி இருக்கிறது, எனக்கு அது பிசிக்ஸில் வந்தது. அதனால் "கதை முடிந்தது" என்பவரை முதலில் மியூட் செய்யுங்கள்.

கணக்குப் பார்க்க மனசு வரவில்லை என்கிறீர்களே, அதைத்தான் முதலில் செய்யணும், ஏனென்றால் மனசுக்குள் ஓடும் எண் எப்போதும் நிஜத்தைவிட மோசமாக இருக்கும். இதுவரை 20 சயன்ஸ் கிரெடிட், சராசரி 3.7 என்று வைத்துக்கொள்வோம். அதோடு 4 கிரெடிட் சி (ஏ-வுக்கு 4 புள்ளி, சி-க்கு 2) சேர்ந்தால் 3.42 ஆகிறது. வலிக்கும்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் விண்ணப்பம் போடுவதற்குள் இன்னும் ஒரு 32 சயன்ஸ் கிரெடிட் எடுத்து அதில் 3.8 வைத்திருந்தால் மொத்தம் 3.64-க்கு வந்துவிடும். சமீப வருடங்களில் எம்.டி. படிப்பில் (இங்கே டாக்டராவதற்கான முதல் பட்டமே அதுதான்) சேர்ந்தவர்களின் மொத்த ஜிபிஏ சராசரி 3.8-ஐ ஒட்டி இருக்கிறது, சயன்ஸ் ஜிபிஏ அதைவிடக் கொஞ்சம் குறைவு. அது சராசரிதான், அதற்குக் கீழே இருப்பவர்களும் நிறையப் பேர் உள்ளே வருகிறார்கள்.

அப்புறம் ரீடேக். பழைய கிரேடு அழிந்து புதியது வந்துவிடும் என்று நினைத்துத்தான் பலர் எடுக்கிறார்கள். உங்கள் காலேஜ் அப்படிச் செய்யலாம், ஆனால் எம்.டி. கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான ஏஎம்சிஏஎஸ் இரண்டு தடவை எழுதியதையும் சேர்த்தே கணக்கில் எடுக்கும். டி.ஓ. (ஆஸ்டியோபதி வழி டாக்டர் பட்டம்) கல்லூரிகளின் விண்ணப்பத்தில் முன்பு புதிய கிரேடு மட்டும் எண்ணப்பட்டது, அந்தச் சலுகையும் 2017-இல் போய்விட்டது, ஆகவே பழைய பதிவுகளைப் படித்து ஏமாறாதீர்கள். ரீடேக் எடுத்து ஏ வாங்கினால் மேலே சொன்ன 3.42, 3.5 ஆகும். அதே 4 கிரெடிட்டுக்கு பயோகெமிஸ்ட்ரி எடுத்து ஏ வாங்கினாலும் அதே 3.5-தான்! இதில் ஒரு செமஸ்டர் முன்னால் வேறு நகர்ந்திருப்பீர்கள், "ஏற்கெனவே ஒரு தடவை படித்ததுதானே" என்று யாரும் சொல்லவும் முடியாது.

சி மைனஸாக இருந்திருந்தால் என் பதில் வேறு. பெரும்பாலான மெடிக்கல் ஸ்கூல்கள் முன்தேவைப் பாடங்களில் சி-யாவது இருக்கணும் என்று கேட்கும், அதற்குக் கீழே போனால் திரும்ப எழுதியே ஆகணும். நீங்கள் கோட்டின் மேலே நிற்கிறீர்கள்.

அம்புக்குறி_ஆள்:

ஆர்கானிக் வகுப்புக்கு டீச்சிங் அசிஸ்டன்டாக இருக்கிறேன், விடைத்தாள் திருத்துவது என் வேலை. ஜிபிஏ கணக்கை மேலே இருப்பவர் சொல்லிவிட்டார். எனக்கு உங்கள் பதிவில் கண்ணில் பட்டது ஃப்ளாஷ்கார்டுதான்.

ஆர்கானிக்கில் மனப்பாடம் முதல் பரீட்சை வரைக்கும் காப்பாற்றும், அதற்கு மேல் காப்பாற்றாது. கேள்வி போடுபவர் வேண்டுமென்றேதான் நீங்கள் பார்த்திராத மூலக்கூறைக் கொடுக்கிறார். அவர் எதிர்பார்ப்பது என்ன என்றால், எலக்ட்ரான் எங்கே அதிகம், எங்கே பற்றாக்குறை, எது எதைத் தாக்கும், அம்புக்குறியை எங்கிருந்து எங்கே போடணும் என்பது. எஸ்என்2 ரியாக்‌ஷனை எடுத்துக்கொள்ளுங்கள், கார்பனில் ஒட்டியிருக்கும் ஒன்றை இன்னொன்று வந்து ஒரே அடியில் வெளியே தள்ளுவது. "பின்பக்கத்திலிருந்து தாக்கும், அமைப்பு தலைகீழாகும்" என்று எல்லோரும் எழுதிவிடுவார்கள். ஏன் பின்பக்கம், ஏன் மூன்று கார்பன் ஒட்டிய கார்பனில் அது நடக்காது, டிஎம்எஸ்ஓ மாதிரி கரைப்பானில் ஏன் வேகமாகிறது என்று கேட்டால் தாளில் பாதி இடம் வெள்ளையாக இருக்கும். அந்த ஏன் தெரிந்தால் எஸ்என்1, இ1, இ2 என்ற மற்ற ரியாக்‌ஷன் வகைகள் மூன்றும் தனித்தனிப் பாடமாக இருக்காது, ஒரே விஷயத்தை நாலு பக்கமிருந்து பார்க்கிற மாதிரிதான். பிகேஏ-வும் (அமிலத்தின் பலத்தைக் காட்டும் எண், குறைந்தால் பலம் அதிகம்) அப்படியே. கார்பாக்சிலிக் அமிலம் 5-ஐ ஒட்டி, பீனால் 10, ஆல்கஹால் 16, முனையில் மும்மைப் பிணைப்பு உள்ள ஆல்கைன் 25, இந்த நாலு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டால் எந்த காரம் எந்த ஹைட்ரஜனைப் பிடுங்கும் என்பதைப் பாதிக் கேள்விகளில் ஊகித்துவிடலாம்.

இப்போது செய்ய வேண்டியது: இறுதித் தேர்வு விடைத்தாளைப் பார்க்கணும் என்று பேராசிரியருக்கு மெயில் போடுங்கள். "கிரேடை மாற்றுங்கள்" என்ற வாசனையே அதில் வரக்கூடாது, "எங்கே விட்டேன் என்று பார்க்கணும்" என்று மட்டும் எழுதுங்கள், பெரும்பாலும் காட்டுவார்கள். பார்க்கும்போது ஒவ்வொரு இழந்த மார்க்குக்குப் பக்கத்திலும் காரணம் குறியுங்கள். தெரியவே தெரியாது, தெரியும் ஆனால் அந்த இடத்தில் பொருத்திப் பார்க்கத் தோன்றவில்லை, நேரம் போதவில்லை, சார்ஜ் போட மறந்தது, இப்படி. ஸ்டீரியோகெமிஸ்ட்ரியிலேயே (மூலக்கூறின் முப்பரிமாண அமைப்பு) பாதி மார்க் போயிருந்தால் மாடல் கிட் வாங்கிக் கையில் திருப்பிப் பார்த்தால் போதும், அதற்காக மொத்தப் பாடத்தையும் திரும்ப எடுப்பது வீண். ஆனால் மெக்கானிசம் (ரியாக்‌ஷன் படிப்படியாக நடக்கும் விதம்) முழுக்கவே இருட்டு என்றால் இரண்டாம் பாகத்தில் கார்போனைல் ஆரம்பித்ததும் மறுபடி மாட்டுவீர்கள், அப்போது விடுமுறையில் முதல் பாகத்தை ஒருமுறை ஓட்டிவிட்டுத்தான் போகணும்.

பயிற்சிக் கணக்குகளை விடைப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யாதீர்கள், தயவுசெய்து. விடையைப் பார்த்துத் தலையாட்டுவது புரிந்த மாதிரியே இருக்கும். பேனாவை எடுத்து வெள்ளைத்தாளில் அம்பு போட்டு, மாட்டிக்கொண்டு, ஒரு பத்து நிமிஷம் எரிச்சல்பட்டு, அப்புறம் திறந்து பாருங்கள்.

கறார்_பேர்வழி:

எல்லோரும் தட்டிக்கொடுக்கிறீர்கள், நான் கொஞ்சம் கெட்டவனாக இருக்கிறேன். ஒரு சி பரவாயில்லை. இரண்டு சி என்றால் அட்மிஷன் கமிட்டி அதை ஒரு போக்கு என்று பார்க்க ஆரம்பிக்கும். அதனால் அடுத்த செமஸ்டரில் ஆர்கானிக் 2, பிசிக்ஸ், லேப், ஆராய்ச்சி, தன்னார்வ வேலை என்று வீரமாக அடுக்கி "மீண்டு வந்ததைக் காட்டுகிறேன்" என்று கிளம்பாதீர்கள். கடினமான சயன்ஸ் இரண்டு, மற்றது லேசாக. எத்தனை எடுத்தீர்கள் என்பதைவிட எடுத்ததில் ஏறுமுகம் தெரிகிறதா என்பதைத்தான் பார்ப்பார்கள்.

எம்கேட், அதாவது மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத் தேர்வு பற்றி யாரும் பேசவில்லையே. 472-இலிருந்து 528 வரை ஸ்கோர், நான்கு பகுதி. அதில் ஆர்கானிக்கின் பங்கு கெமிஸ்ட்ரி-பிசிக்ஸ் பகுதியில் 15 சதவீதம், பயாலஜி பகுதியில் 5 சதவீதம், அவ்வளவுதான். பயோகெமிஸ்ட்ரி அந்த இரண்டிலும் 25 சதவீதம் வருகிறது. பல கல்லூரிகள் இப்போது ஆர்கானிக் இரண்டாம் பாகத்துக்குப் பதில் பயோகெமிஸ்ட்ரியை ஏற்றுக்கொள்கின்றன, ஆனால் எல்லாமும் இல்லை, நீங்கள் விண்ணப்பிக்க நினைக்கும் இடங்களின் பட்டியலைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அட்வைசர் சொன்னதையும் முழுசாகத் தள்ளிவிடாதீர்கள். சிரித்துக்கொண்டு சொன்னாரா முறைத்துக்கொண்டு சொன்னாரா என்பது வேறு, டாக்டராகத்தான் ஆகணுமா என்ற கேள்வியை எல்லா பிரீ-மெட்டும் ஒருமுறை தன்னைத்தானே கேட்டுக்கொள்வது நல்லது. கிரேடு வந்த வாரத்தில் மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டாம்.

ஸ்டெத்_தொலைத்தவர்:

கறார் சொல்வதில் பாடச்சுமை விஷயம் நூற்றுக்கு நூறு சரி. இன்னொன்று, விண்ணப்பக் கட்டுரையில் இந்த சி-யைப் பற்றி எழுதாதீர்கள். 5300 எழுத்துதான் இடம், அதை ஒரு கெமிஸ்ட்ரி பாடத்துக்கு விளக்கம் சொல்லித் தீர்க்கக்கூடாது. சில கல்லூரிகள் இரண்டாம் கட்ட விண்ணப்பத்தில் படிப்பில் வந்த சிக்கல் பற்றித் தனியாகக் கேட்கும், அங்கே நாலு வரி போதும். நேர்காணலில் கேட்டால் பேராசிரியரைக் குறை சொல்லாமல், படிக்கும் முறையை எப்படி மாற்றினேன், அடுத்து என்ன வாங்கினேன் என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போங்கள்.

சுதாவின்_அம்மா:

நான் டாக்டரும் இல்லை, கெமிஸ்ட்ரியும் தெரியாது. என் பொண்ணு பிரீ-மெட், அதனால் இந்தப் பக்கத்தைச் சும்மா படித்துக்கொண்டிருப்பேன். கண்ணா, வீட்டில் சொல்லிவிடு. சொல்லும்போது "எல்லாம் போச்சு" என்று ஆரம்பிக்காதே, அதைக் கேட்டதும் எங்களுக்குக் காது அடைத்துவிடும், அப்புறம் நீ சொல்வது எதுவும் உள்ளே போகாது. கிரேடு இது, கணக்குப் போட்டால் இவ்வளவு வருகிறது, அடுத்த செமஸ்டரில் இதைச் செய்யப்போகிறேன் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல். அப்பா அம்மா ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், வைத்துக்கொள்ளட்டும். மறைத்து வைத்து ஆறு மாதம் கழித்துத் தெரிந்தால் கோபம் கிரேடு மேல் வராது, உன் மேல் வரும். அதோடு சரியாகத் தூங்கவில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை என்று இரண்டு வாரத்துக்கு மேல் போனால் காலேஜில் இருக்கும் கவுன்சிலரைப் பார், அதை யாரும் டிரான்ஸ்கிரிப்டில் போடப்போவதில்லை.

பாதிராத்திரி_லேப்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கணக்குப் போட்டேன், 3.45 வருகிறது, நான் பயந்தது 3.2. பேராசிரியருக்கு மெயில் போட்டாகிவிட்டது. ஒரே ஒரு சந்தேகம், இரண்டாம் பாகத்தைப் பாஸ்-ஃபெயில் முறையில் எடுத்தால் ஜிபிஏ-வைத் தொடாதே, அப்படிச் செய்யலாமா?

ஸ்டெத்_தொலைத்தவர்:

வேண்டாம். முன்தேவைப் பாடத்துக்கு லெட்டர் கிரேடுதான் வேண்டும் என்று கேட்கும் கல்லூரிகள் நிறைய. முதல் பாகத்தில் சி, இரண்டாவதில் வெறும் பாஸ் என்று இருந்தால் எதற்கு ஒளிந்தார் என்றுதான் தோன்றும். நடுவில் நிஜமாகவே மூழ்குகிறது என்று தெரிந்தால் கடைசித் தேதிக்குள் வித்டிரா செய்யுங்கள், ஒரே ஒரு டபிள்யூ ஜிபிஏ-வில் சேராது, டிரான்ஸ்கிரிப்டில் மட்டும் தெரியும். அந்தத் தேதியை இப்போதே காலண்டரில் போட்டு வையுங்கள்.

அம்புக்குறி_ஆள்:

விடைத்தாள் கைக்கு வந்ததும் மார்க் போன கேள்விகளை இங்கே போடுங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம். மாடல் கிட் புதிதாக வாங்க வேண்டாம், சீனியர்கள் யாரிடமாவது சும்மா கிடக்கும்.