வெளியே படுக்கும் நாய்க்குக் குளிர்: கூண்டுக்குள் பல்பு போடலாமா?

நாலுகால்:
ஒன்பது வயசு நாய், குட்டை முடி, 18 கிலோ. ராத்திரி வெளியே மரக்கூண்டில்தான் படுக்கை. இப்போது 3, 4 டிகிரி வரை இறங்குகிறது. உள்ளே இரண்டு கம்பளி விரித்திருக்கிறது, காலையில் தொட்டால் சில்லென்று ஈரம். கூண்டு 4 அடி உயரம். 60 வாட் குண்டு பல்பு ஒன்று தொங்கவிட்டால் போதுமா, இல்லை ஹீட்டிங் பேட் வாங்கணுமா? எழுந்திருக்கும்போது பின்னங்கால் வேறு பிடித்துக்கொள்கிறது.

மரவேலை:
பல்பு இருக்கட்டும், முதலில் கம்பளியை வெளியே எடுங்க. நாய் விடுகிற மூச்சின் ஈரமெல்லாம் அதில்தான் இறங்குகிறது. ஈரத்துணிமேல் படுத்தால் உடம்புச் சூடு தங்காது. அதற்குப் பதில் வைக்கோல், ஒரு சாண் உயரத்துக்கு, அமுக்காமல் போடுங்க. தண்டுக்குள் காற்று நிற்கும், ஈரம் அடியில் போய்விடும். நாயே குழி பறித்து உள்ளே சுருண்டுகொள்ளும். ஒரு பிடி எடுத்து மடக்கிப் பாருங்க: சடக்கென்று ஒடிந்தால் சரி, துவண்டு வளைந்தால் மாற்றும் நேரம்.

4 அடி உயரம் ரொம்ப அதிகம். சூடெல்லாம் மேலே போய் நிற்கும், நாய் கீழே நடுங்கும். தலை நிமிர்ந்து நிற்க, திரும்ப, படுக்க இடம் இருந்தால் போதும். அந்த உயரத்தில் உள்ளே ஒரு பிளைவுட் தட்டி அடித்துவிடுங்க. கூண்டைச் செங்கல்மேல் 4 அங்குலமாவது தூக்கி வையுங்க. வாசல் காற்று அடிக்காத பக்கம், நடுவில் இல்லாமல் ஓரமாக; அதில் கனமான ரப்பர் விரிப்பைக் கீறித் தொங்கவிடலாம். எல்லா இடுக்கையும் அடைத்துவிடாதீங்க. கூரையை ஒட்டி இரண்டு விரல் அகலத்துக்கு ஓட்டை இல்லாவிட்டால் உள்ளேயே வேர்த்துச் சொட்டும்.

வெட்_குறிப்பு:
குண்டு பல்பின் கண்ணாடி 100 டிகிரியைத் தாண்டும், பக்கத்தில் வைக்கோல். நாய் வால் ஆட்டித் தட்டிவிட்டால் தீதான். மனுஷர் உபயோகிக்கிற ஹீட்டிங் பேடும் வேண்டாம்: கால் வலிக்கிற நாய் மணிக்கணக்கில் நகராமல் படுத்திருக்கும், நமக்கு இதமாகத் தெரிகிற சூட்டிலேயே தோல் வெந்துவிடும். வைத்தே ஆகணும் என்றால் தெர்மோஸ்டாட்டும் (சூடு ஏறினால் தானே நிறுத்துவது) ஒயருக்கு இரும்புச் சுருள் உறையும் உள்ள, பிராணிகளுக்கென்றே செய்தது. அதுவும் பாதித் தரைக்கு மட்டும், சுட்டால் நகர இடம் வேண்டும்.

ஆனால் இந்த வயசு, இந்த முடி, இந்தக் கால்... கூண்டைச் செப்பனிடுவதைவிட ராத்திரி வீட்டுக்குள் விடுவதுதான் சரி. பின்னங்கால் விஷயத்தை டாக்டரிடம் காட்டுங்க, மனுஷ வலி மாத்திரை மட்டும் கொடுத்துவிடாதீங்க.

நாலுகால்:
உள்ளேயே விடுகிறேன். பகலில் வெளியே இருக்கும்போது எதைக் கவனிக்கணும்?

வெட்_குறிப்பு:
நடுங்கினால் உள்ளே கூப்பிடுங்க. நடுக்கம் நின்றும் மந்தமாக, தள்ளாடி நடந்தால் அது தேறியதல்ல, மோசமாகிறது. ஆசனவாய் வெப்பம் சாதாரணமாக 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ், 37க்குக் கீழே போனால் உடனே டாக்டர். போகிற வழியில் ஈரத்தைத் துவட்டி, துண்டு சுற்றிய வெந்நீர் பாட்டிலை நெஞ்சு, வயிற்றோரம் வையுங்க. கை காலைத் தேய்க்க வேண்டாம்.

மியாவ்77:
கார் நிற்கிற இடத்தையும் பாருங்க. கூலன்ட் (எஞ்சினைக் குளிரவைக்கும் திரவம்) ஒழுகினால் இனிப்பாக இருக்கிறதென்று நக்கும். எத்திலீன் கிளைக்கால் கலந்தது சிறுநீரகத்தை அழித்துவிடும். நக்கியது தெரிந்தால் வாந்தி வருதா என்று பார்த்துக்கொண்டிருக்காதீங்க, விஷமுறிவு மருந்து முதல் சில மணி நேரத்துக்குள் போனால்தான் பலன். பூனை இருக்கிற தெருவானால் வண்டி கிளப்பும் முன் பானெட்டை இரண்டு தட்டு தட்டுங்க, எஞ்சின் சூட்டுக்கு உள்ளே படுத்திருக்கும்.