சபை வளர்ச்சி: ஆண்டறிக்கையில் எதை வளர்ச்சி என்று எழுதுவது?

கேள்வி (சபை மூப்பர், அவிநாசி)

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனைக்கு வருவோர் தொகை சில ஆண்டுகளில் ஏறக்குறைய இரட்டிப்பாகியிருக்கிறது. ஆனால் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டினால், சபையார் வீட்டுப் பிள்ளைகளைத் தவிரப் புதிய பெயர்கள் மிகச் சொற்பமே. வந்தவர்களில் ஒரு சாரார் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்காகக் குடிபெயர்ந்தவர்கள். மற்றவர்கள் எங்கள் பாடல் ஆராதனை பிடித்துப்போய் அக்கம்பக்கத்துச் சபைகளை விட்டு வந்தவர்கள். இதை வளர்ச்சி என்று ஆண்டறிக்கையில் எழுதுவது முறையாகுமா?

பதில் (ஓய்வுபெற்ற போதகர், ஈரோடு)

மூப்பர் ஐயா, இரு சாராரையும் நீங்கள் பிரித்துப் பார்த்தது மிகவும் சரி. பிழைப்புக்காக ஊர் விட்டு வந்தவர்களுக்கு மேய்ப்பன் வேண்டும். அவர்களைச் சேர்த்துக்கொள்வது நம் கடமை. பக்கத்துச் சபையாரை இழுப்பது அப்படிப்பட்டதன்று. அதனால் இந்த வட்டாரத்தில் கிறிஸ்துவை அறிந்தவர்களின் தொகை ஒருவர்கூடக் கூடுவதில்லை. இந்தியாவில் பிறந்து இங்கேயே ஊழியம் செய்த டொனால்டு மெக்கவ்ரன், சபைக்குள் பிறப்பவர்கள், வேறு சபையிலிருந்து வருபவர்கள், புதிதாக விசுவாசத்துக்கு வருபவர்கள் என்று வளர்ச்சியை மூன்றாகப் பிரித்தார். உங்கள் அறிக்கையிலும் இம்மூன்றையும் தனித்தனியே எழுதுங்கள். மூன்றாவது வரி காலியாக இருந்தால் அதையும் சபையார் பார்க்கட்டும்.

மற்றொருவனுடைய அஸ்திபாரத்தின்மேல் கட்டாமல், கிறிஸ்துவின் நாமம் சொல்லப்படாத இடங்களையே நாடுவதாகப் பவுல் ரோமர் 15:20இல் எழுதுகிறார். நம் ஈரோட்டில் லண்டன் மிஷன் சார்பில் ஊழியம் செய்த பாப்லி, கர்நாடக இசையைக் கற்றுக் கீர்த்தனைகளோடு சுவிசேஷம் சொன்னார். கேளாதவர்கள் கேட்கவேண்டும் என்பதே அந்த இசையின் நோக்கம். இன்று நம் இசைக்கருவிகள் யாரை நோக்கி வாசிக்கப்படுகின்றன என்பதைச் சபைக் குழுவில் வெளிப்படையாகப் பேசவேண்டும்.

பதில் (பெண் ஊழியர், கோபிசெட்டிபாளையம்)

போதகர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். வேறு சபையிலிருந்து வருபவர் பெரிதாக எதையும் இழப்பதில்லை. புதிதாக விசுவாசத்துக்கு வருபவரோ நிறைய இழக்கக்கூடும். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத்தலைவர் ஆணையின்படி, அருந்ததியர் ஒருவர் கிறிஸ்தவரானால் பட்டியல் இனத்தவருக்குரிய சலுகையை இழக்கிறார். தமிழகத்தில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் இடம்பெறுவார். மகளுக்கு வரன் தேடும்போது உறவினர் விலகுவார்கள். வீட்டில் சாவு விழுந்தால், சுடுகாடும் இடுகாடும் சாதிவாரியாகப் பிரிந்திருக்கும் ஊரில், எங்கே அடக்கம் செய்வது என்ற கேள்வி அன்றைக்கே எழும். இந்தக் கேள்விகளில் உடன் நிற்க ஆயத்தமில்லாத சபை, துண்டுப்பிரதி கொடுத்துவிட்டுத் திரும்புவதைச் சுவிசேஷ ஊழியம் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. அரிசியோ பணமோ காட்டி அழைப்பது அதைவிடப் பெரிய தவறு; கட்டாயத்தாலோ ஆசைகாட்டியோ மதம் மாற்றும் உரிமையை அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு தரவில்லை என்று 1977இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்கிறது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி ஐயா, நன்றி அம்மா. தம் சபையில் மனத்தாங்கல் ஏற்பட்டு எங்களிடம் வருபவர்களை என்ன செய்வது?

பதில் (ஓய்வுபெற்ற போதகர், ஈரோடு)

ஆராதனைக்கு வருபவரைத் தடுக்க வேண்டாம். அவருக்குத் தெரிவித்துவிட்டு, அந்த வாரமே அவருடைய போதகரை நேரில் பாருங்கள். கொடுமைக்கு ஆளாகி வந்தவரானால் அவருடைய பாதுகாப்பே முதன்மை, சந்திப்பு பிறகு இருக்கட்டும். மற்றவர்களைப் பொறுத்தவரை, ஒப்புரவாக வழியுண்டா என்று பார்க்கும்வரை அங்கத்தினராகச் சேர்க்காதீர்கள். அதுவரை பொறுப்பு எதுவும் கொடுக்காதீர்கள்.