பச்சை லைட்டுக்கு 1 லட்சத்து 20 ஆயிரமா

செவ்வாய், ராத்திரி 8:12

பிரபு: அம்மாவுக்கு வியாழக்கிழமை காலைல பித்தப்பை ஆபரேஷன் முடிவாயிருச்சு. ரெண்டு விதம் சொல்றாங்க, சாதா லேப்ராஸ்கோப்பி (சின்ன ஓட்டை போட்டு கேமரா விட்டு பண்றது) இல்லன்னா ரோபோட். ரோபோட்னா 1 லட்சத்து 20 ஆயிரம் கூடுதலா ஆகுமாம், இன்சூரன்ஸ்ல அது முழுசா வராதாம். ஆனா அதுல பச்சை லைட்டு போட்டா பித்தக்குழாய் தனியா மின்னும், தப்பா வெட்டுப்படாதுன்னு கவுண்டர்ல ஒரு வீடியோ காட்டுனாங்க, அத பாத்ததுல இருந்து அப்பா ரோபோட்தான்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு

பெரிய மாமா: மெஷின் தானா வெட்டுமா? நடுவுல கரண்டு போனா?

ராஜி சித்தி: ஐயோ அண்ணே வாய மூடுங்க நல்ல நேரத்துல

ராஜி சித்தி: தேனு ஆஸ்பத்திரில ஆபரேஷன் தியேட்டர்லதான வேல பாக்குது, அவள கேப்போம். தேனு எங்க இருக்க

பெரிய மாமா: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

தேனு: இப்பதான் டூட்டி முடிஞ்சு பஸ்ல வரேன். பெரியப்பா, ரோபோட் தானா ஒண்ணும் பண்ணாது. டாக்டர் அதே ரூம்ல ஓரமா உக்காந்து ஒரு பெட்டிக்குள்ள கண்ண வச்சு பாத்துக்கிட்டே கையால காலால ஓட்டுவாரு, நீங்க டிராக்டர் ஓட்டுற மாதிரி

அப்பா: அது கிடக்கட்டும்மா, பச்சை லைட்டு நெசமா

தேனு: நெசந்தான் மாமா. ஐசிஜின்னு ஒரு சாயம், சின்ன பாட்டில்ல கரும்பச்சை பொடியா 25 மில்லிகிராம் வரும், 10 மில்லி தண்ணில கரைச்சு அதுல 1 மில்லிதான் கை நரம்புல போடுவோம். கையில கொஞ்சம் சிந்துனா போதும், அன்னிக்கு பூரா விரல் பச்சையாவே இருக்கும் 😂 ஈரல் அத அப்படியே எடுத்து பித்தத்துல கலந்து விட்டுரும். அதனால ஆபரேஷனுக்கு முக்கால் மணி நேரம் முன்னாடியே போட்டுருவோம், சில டாக்டருங்க இன்னும் பல மணி நேரம் முன்னாடி போடச் சொல்வாங்க, அப்பதான் ஈரல் ரொம்ப மின்னி கண்ண மறைக்காதுன்னு

தேனு: அப்புறம் டாக்டர் பட்டன மாத்துனா ஸ்கிரீன்ல வயிறு பூரா சாம்பல் கலர் ஆயிரும், அதுல ஈரலும், கீழ கீரைத்தண்டு மாதிரி குழாயும் மட்டும் பச்சையா தெரியும். மொத தடவ பாத்தப்ப எனக்கு புல்லரிச்சிருச்சு

பெரிய மாமா: சாயம் உள்ள போயி லைட்டா எரியுமா, அதெப்படி

தேனு: கண்ணுக்கு தெரியாத இன்ஃப்ராரெட் ஒளிய அடிச்சா சாயமும் கண்ணுக்கு தெரியாத ஒளியத்தான் திருப்பி விடும், அத கேமரா மட்டும் புடிக்கும். நம்ம பாக்குற பச்சை கம்ப்யூட்டர் பூசுறது

பெரிய மாமா: அப்ப அது பொய் பச்சையா

தேனு: 😄 ஒரு வகைல. இன்னொண்ணு சொன்னா உங்களுக்கு புடிக்கும், இந்த சாயத்த 1950கள்ல கண்டுபிடிச்சது கோடாக்

பெரிய மாமா: நம்ம ஸ்டுடியோல ரோல் வாங்குவோமே அந்த கோடாக்கா? அப்ப நம்பலாம். மாப்ள ரோபோட்டே போடுங்க

தேனு: இருங்க இருங்க, அதத்தான் சொல்ல வரேன். பச்சை வேற ரோபோட் வேற. டாவின்சின்னு ஒரு கம்பெனி ரோபோட்ல இது 2011ல வந்துச்சு, ஃபயர்ஃப்ளைனு பேரு. ஆனா சாதா லேப்ராஸ்கோப்பில மாட்டுற கேமராவுலயும் இதே வசதி இருக்கு, எங்க தியேட்டர்ல ரோபோட்டே கிடையாது, நாங்க பச்சை பாக்குறோமே. பிரபு நாளைக்கு போறப்ப லேப்ராஸ்கோப்பி கேமராவுல ஐசிஜி இருக்கான்னு மட்டும் கேளு

பிரபு: இத கவுண்டர்ல ஒருத்தர் கூட சொல்லல 😡

தேனு: அமெரிக்கால 65 தாண்டுனவங்களுக்கான மெடிகேர் திட்டத்துல 10 லட்சம் பேருக்கு மேல கணக்கு எடுத்தாங்க, 2023ல ஜாமா சர்ஜரின்னு ஒரு டாக்டருங்க பத்திரிகைல வந்துச்சு. பித்தக்குழாய் அடிபட்டது ரோபோட்ல 0.7 சதவீதம், லேப்ராஸ்கோப்பில 0.2. அதுக்காக ரோபோட் மோசம்னு நான் சொல்லல, கஷ்டமான ஆபரேஷனுக்கெல்லாம் அது நல்லாவே கை கொடுக்கும். சாதாரண பித்தப்பைக்கு அதிகமா காசு கட்டுனா அதிக பத்திரம்னு நினைக்காதீங்க, அவ்ளோதான்

அப்பா: குழாய் வெட்டுப்படுறது அவ்ளோ பெரிய விஷயமாம்மா

தேனு: ஆமா மாமா. பித்தப்பைல இருந்து வர்ற சின்ன குழாயத்தான் வெட்டணும். அது போய் சேர்ற மெயின் குழாயும் பக்கத்துலயே ஓடும், வீங்கி ஒட்டிக்கிட்டு இருந்தா அதுதான் இதுன்னு நெனச்சு வெட்டிருவாங்க, அப்புறம் குடல எடுத்து ஒட்டுற அளவுக்கு போயிரும். ஆயிரத்துல சில பேருக்குத்தான், ஆனா வந்தா பெரிய பாடு. பச்சையும் எல்லா நேரமும் காப்பாத்தாது, கொழுப்பும் வீக்கமும் தடிப்பா இருந்தா 1 சென்டிமீட்டர் ஆழத்துக்கு கீழ ஒண்ணும் தெரியாது. குழாய்க்குள்ள கல்லு இருந்தா அதையும் நேரா காட்டாது

அம்மா: சாயம்னா ஸ்கேன் எடுக்கறப்ப போடுவாங்களே அதுவா

அம்மா: போன தடவ அத போட்டப்ப உடம்பு பூரா தடிச்சு போச்சே

பிரபு: என்னம்மா சொல்ற

அம்மா: கர்ப்பப்பை கட்டிக்கு சிடி எடுத்தப்ப. ஊசி போட்டு தூங்க வச்சாங்க

பிரபு: இத டாக்டர்ட்ட சொன்னியா

அம்மா: அவரு கேக்கல

ராஜி சித்தி: அக்கா!!!

தேனு: அத்தை நல்ல வேள இப்பவாச்சும் சொன்னீங்க. அது அயோடின் கலந்த வேற மருந்து, ஆனா ஐசிஜி பொடிலயும் கொஞ்சம் அயோடைடு இருக்கும். ஆகாதுன்னு நான் சொல்லல, ஆனா மயக்க டாக்டருக்கும் சர்ஜனுக்கும் கட்டாயம் தெரியணும். பிரபு கேஸ் ஷீட்ல எழுத வை, வாயால சொல்லிட்டு வந்துராத

வியாழன், மதியம் 1:40

அப்பா: முடிஞ்சது. நல்லா இருக்கா. லேப்ராஸ்கோப்பிதான்

ராஜி சித்தி: அப்பாடா 🙏🙏🙏 மாரியாத்தா

பெரிய மாமா: பச்சை தெரிஞ்சுதா மாப்ள

அப்பா: போடவே இல்ல மச்சான். அந்த கேமரா இருந்துச்சு, ஆனா அலர்ஜி விஷயம் கேட்டுட்டு வேணாம்னு டாக்டரே சொல்லிட்டாரு. பித்தப்பைக்குள்ள போறது ஒரு குழாய் ஒரு ரத்தநாளம், அந்த ரெண்டு மட்டும்தான்னு சுத்தி சுத்தம் பண்ணி முன்னாலயும் பின்னாலயும் பாத்த பிறகுதான் கிளிப் போட்டேன்னாரு, வீடியோவ நிறுத்தி காட்டுனாரு. எனக்கு ஒண்ணும் புரியல, தலைய ஆட்டிட்டு வந்தேன்

தேனு: அதான் மாமா முக்கியமான இடம், அத நின்னு பாக்குற டாக்டர் கிடைச்சிருக்காரு. லைட்டு இருந்தாலும் இத பாக்காம வெட்டக்கூடாது

அப்பா: [போட்டோ]

பெரிய மாமா: இதென்ன டப்பால நாவப்பழக் கொட்டையா

பிரபு: கல்லு மாமா. 17 எண்ணுனேன்

வியாழன், ராத்திரி 9:05

அம்மா: என் கல்ல யாரு குரூப்ல போட்டது

அம்மா: ஒடனே எடுங்க. சம்பந்தி வீட்டு ஆளுங்க இருக்காங்க இதுல