தாங்கியை இருமடங்காக்கினால் எது இருமடங்கு? ஒரு கலைச்சொல் தேவை

கிளிநொச்சி, கணித ஆசிரியை:

எல்லோருக்கும் வணக்கம். பதினோராம் தரப் பிள்ளைகளுக்கான திண்மங்கள் பயிற்சித்தாள் திங்கட்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ஒரு சொல் இடிக்கிறது. திண்மமொன்றின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் ஒரே எண்ணால் பெருக்குகிறோம். அந்த எண்ணுக்குத் தமிழில் என்ன பெயர்? ‘ஸ்கேல் பக்டர்’ என்று சொல்லிக் கடந்துபோக மனமில்லை. “ஆயிரம் லீற்றர்த் தாங்கியை இருமடங்கு பெரிதாக்கினால் எவ்வளவு தண்ணீர் கொள்ளும்?” என்றால் பாதி வகுப்பு இரண்டாயிரம் என்கிறது, மறுபாதி எட்டாயிரம் என்கிறது. ‘இருமடங்கு பெரிது’ என்ற பேச்சு வழக்கில் எது இருமடங்கு என்பதே இல்லை.

வவுனியா, ஓய்வுபெற்ற அதிபர்:

அளவிடைக் காரணி. அளவிடைப் படம் வரையப் பழகிய பிள்ளைக்கு ‘அளவிடை’ தெரியும், ‘காரணி’யும் தெரியும். வேறு தேடவேண்டியதில்லை, பிள்ளை.

முள்ளியவளை, தமிழாசிரியர்:

அதிபர் ஐயா மன்னிக்கவேண்டும். ‘காரணி’ வடசொல். வடவெழுத்து ஒரீஇ, அதாவது வடவெழுத்தை நீக்கி, வந்தால் தொல்காப்பியர் தடுக்கவில்லை என்பீர்கள். ஆனால் நம்மிடம் ‘மடி’ இருக்கிறதே! இலக்கணத்தில் இருமடியாகுபெயர், மும்மடியாகுபெயர் என்று படிப்பிக்கிறோம். ‘கார்’ முதலில் கருமை. அது முகிலுக்கு ஆகி, முகிலிலிருந்து பருவத்துக்கு ஆகி, பருவத்திலிருந்து நெல்லுக்கு ஆகியது. அங்கே ‘மடி’ என்பது எத்தனை தரம் என்ற கணக்கேதான். மடி, மடங்கு, மடக்கு எல்லாம் ஒரே குடும்பம். இராசராசனின் ‘மும்முடிச் சோழன்’ பட்டத்தை ‘மும்மடி’ என்று கொள்வாரும் உண்டு. ஈழத்தில் அவன் பிடித்த நிலத்துக்கு மும்முடிச்சோழமண்டலம் என்று பெயர். ஆகவே நீளமடி, பரப்புமடி, கனவளவுமடி. நீளம் என்பதன் மகரம் கெட்டு நீளமடி ஆகும், புணர்ச்சியும் சரி.

வவுனியா, ஓய்வுபெற்ற அதிபர்:

வள்ளுவர் ‘மடியின்மை’ என்று ஓர் அதிகாரமே வைத்தது சோம்பலைப் பற்றி. எங்கள் பக்கத்தில் மடி என்றால் பசுவின் மடி. சோழன் பட்டம் பதினோராம் தரப் பிள்ளைக்கு எதற்கு?

மாங்குளம், கட்டடத் தொழில்நுட்ப உத்தியோகத்தர்:

சொல் எதுவானாலும் கணக்குப் பிழைக்கக் கூடாது, அதனால் எழுதுகிறேன். தாங்கியின் அளவுகள் எல்லாம் இரண்டு மடங்கானால் வெளிப்புறத்துக்குப் பெயின்ற் நான்கு மடங்கு, தண்ணீர் எட்டு மடங்கு. தாங்கி நிற்கும் தூண்களையும் அதே அளவில் பெருப்பித்தால் அவற்றின் குறுக்குவெட்டுப் பரப்பு நான்கு மடங்குதான். எட்டு மடங்கு பாரத்தை நான்கு மடங்கு பரப்புத் தாங்குகிறது, அதாவது ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரும் முன்னையதைப் போல் இரு மடங்கு சுமக்கிறது. சின்னத் தாங்கியின் படத்தை அப்படியே பெருப்பித்துக் கட்டினால் ஆபத்து. கலிலியோ 1638இல் அச்சிட்ட நூலில் எலும்புகளை வைத்து இதைத்தான் சொன்னார். வயலுக்குள் இறங்கும் யானையின் காலைப் பாருங்கள். ஆட்டுக்கால் அந்த உயரத்துக்கு வளர்ந்தால் அந்த உடம்பைத் தாங்காது.

மறுபக்கமும் உண்டு. தண்ணீர் மட்டும் இருமடங்கு போதுமென்றால் ஒவ்வோர் அளவையும் ஏறக்குறைய 1.26ஆல் பெருக்கினால் போதும். தகடு 1.59 மடங்குதான் செலவாகும். பெரிய தாங்கியில் லீற்றருக்கு விழும் தகட்டுச் செலவு குறைவது இதனால்தான்.

‘நீளமடி’யில் எனக்கு ஒரு பயம். நீளத்தை மட்டும் இரண்டாக்குவது என்று பிள்ளை விளங்கிக்கொள்ளும். அப்படிச் செய்தால் கனவளவும் இருமடங்குதான், எட்டு வராது.

புதுக்குடியிருப்பு, உயிரியல் ஆசிரியை:

எனக்கும் ஒரு சொல் வேண்டும். 1, 2, 3 சென்ரிமீற்றர் விளிம்புடைய சதுரமுகிகளில் மேற்பரப்பளவு 6, 24, 54. கனவளவு 1, 8, 27. முன்னையதைப் பின்னையதால் வகுத்தால் 6, 3, 2 என்று இறங்குகிறது. உயிர்க்கலம் சிறிதாக இருப்பதற்கும் யானைக்குக் காது அகலமாக இருப்பதற்கும் இந்த இறக்கம் ஒரு காரணம். ‘மேற்பரப்பளவு–கனவளவு விகிதம்’ என்று ஒவ்வொரு முறையும் சொல்ல மூச்சு வாங்குகிறது. இன்னொன்று: நம் ‘சதுரமுகி’ தமிழ்நாட்டில் கனசதுரம், நம் ‘இயல்பொத்த’ அங்கே வடிவொத்த. இணையத்தில் தேடும் பிள்ளை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்குமுன் யோசியுங்கள்.

முள்ளியவளை, தமிழாசிரியர்:

மாங்குளம் தம்பி சொன்ன பயம் நியாயம். அப்படியானால் ‘ஒப்புமடி’. இயல்பொத்த உருக்களுக்கு இடையிலான மடி என்று பொருள். எல்லா அளவும் ஒத்து வளர்கிறது என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கோளத்துக்கும் கூம்புக்கும் பொருந்தும்.

கிளிநொச்சி, கணித ஆசிரியை:

‘ஒப்புமடி’க்கு மூன்று பேர் சரி சொல்லியிருக்கிறீர்கள், நேரமும் இல்லை. “ஒப்புமடி 3 எனில் மேற்பரப்பளவு 9 மடங்கு, கனவளவு 27 மடங்கு” என்று அச்சுக்குக் கொடுக்கிறேன். முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் ‘அளவிடைக் காரணி’ என்றும் போடுகிறேன். ரீச்சர் கேட்ட விகிதத்துக்கு இன்னும் பெயர் வரவில்லை.

வவுனியா, ஓய்வுபெற்ற அதிபர்:

அச்சடியுங்கள், தடுக்கவில்லை. ஆனால் சாதாரண தரப் பரீட்சையில் பிள்ளை ‘ஒப்புமடி’ என்று எழுதினால் வேறு மாவட்டத்தில் விடைத்தாள் திருத்துபவருக்கு அது விளங்குமா? அந்தப் புள்ளிக்கு யார் பொறுப்பு? என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளுக்கு நான் அளவிடைக் காரணி என்றே சொல்லிக்கொடுப்பேன்.