விர்ச்சுவல்பாக்ஸுக்குள் ஒரு வழங்கி: பட்டவர்கள் சொல்லுங்கள்

நானே தொடங்குகிறேன். ஒரு கடைக்காரருக்கு இணையதளம் செய்து கொடுத்தேன். என் விண்டோஸ் மடிக்கணினியில் பழுதில்லாமல் ஓடியது. வழங்கியில் (தளத்தை இணையத்தில் தரும் கணினி) ஏற்றியதும் முகப்பில் லோகோவைக் காணவில்லை. படக்கோப்பின் பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்குகிறது, நான் நிரலில் சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறேன். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். லினக்ஸுக்கு அவை வேறு வேறு பெயர்கள். "கடைப் பெயரையே காணோமே சார்" என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. வழங்கியில் ஓடுகிற அதே லினக்ஸை என் கணினிக்குள்ளும் வைத்துக்கொள்வது என்று அன்றே முடிவெடுத்தேன்.

கணினிக்குள் இன்னொரு கணினியை (மெய்நிகர் இயந்திரம்) உருவாக்கும் விர்ச்சுவல்பாக்ஸ், அதில் உபுண்டு சர்வர் என்ற லினக்ஸ், அதற்குள் இணையப் பக்கங்களை அனுப்பும் என்ஜின்எக்ஸ், பிஎச்பி மொழி, மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம். ஒரே மாலையில் முடிந்துவிட்டது. நிரல் கோப்புகளை விண்டோஸ் பக்கமே வைத்து, அந்தக் கோப்புறையை உள்ளே இருக்கும் லினக்ஸுக்குப் பகிர்ந்து கொடுத்தேன். பழகிய எடிட்டரில் எழுதலாம், லினக்ஸில் ஓட்டலாம். இதைவிட என்ன வேண்டும் என்று இருந்தேன்.

மறுநாள் ஒரு பொத்தானின் நிறத்தை நீலத்திலிருந்து பச்சைக்கு மாற்றிச் சேமித்தேன். உலாவியில் நீலம். தற்காலிகச் சேமிப்பை அழித்தேன், வேறு உலாவியில் பார்த்தேன், என்ஜின்எக்ஸை நிறுத்தி மறுபடி தொடங்கினேன். நீலம்தான். லினக்ஸுக்குள் நுழைந்து நிறத்தைச் சொல்லும் அதே சிஎஸ்எஸ் கோப்பைத் திறந்தால் அங்கே பச்சை என்று தெளிவாக இருக்கிறது! வெறுத்துப்போய் கோப்பின் கடைசியில் நான்கு வரி சேர்த்தேன். உலாவியில் அந்த நான்கு வரிகளுக்குப் பதில் கட்டம் கட்டமாகக் குப்பை எழுத்துகள். பத்து வரியை நீக்கிப் பார்த்தேன். இப்போது கோப்பு ஒரு சொல்லின் நடுவிலேயே அறுந்து நின்றது.

அறுந்த இடத்தைப் பார்த்த பிறகுதான் புத்தியில் பட்டது. நீளம் புதிய கோப்பினுடையது, உள்ளடக்கம் பழைய கோப்பினுடையது. என்ஜின்எக்ஸ் 'சென்ட்ஃபைல்' என்ற குறுக்குவழியில் கோப்பை அனுப்புகிறது. கோப்பைத் தானே படிக்காமல், லினக்ஸின் உள்மையமான கெர்னல் தன் நினைவகத்தில் வைத்திருக்கும் நகல் பக்கங்களை அப்படியே தள்ளிவிடச் சொல்லும் வழி அது. விண்டோஸ் பக்கம் நான் செய்த மாற்றம் அந்தப் பக்கங்களுக்குத் தெரியாது. அமைப்புக் கோப்பில் சென்ட்ஃபைலை 'ஆஃப்' என்று மாற்றினேன், பச்சை வந்தது. ஒரு சொல்லுக்கு ஒன்றரை நாள்! என்ஜின்எக்ஸைப் போன்ற அப்பாச்சியிலும் இதே பெயரில் ஓர் அமைப்பு இருக்கிறது, அது இயக்கத்தில் இருந்தால் அங்கும் இதே தொல்லை வரும்.

உங்கள் கதைகளையும் எழுதுங்கள்.

*

அண்ணா, நீங்கள் பச்சை நிறம் வரைக்கும் போய்விட்டீர்கள். நான் முதல் படியிலேயே விழுந்தவள்.

பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கியிருந்தேன். விர்ச்சுவல்பாக்ஸில் புதிய மெய்நிகர் இயந்திரம் உருவாக்கும் பட்டியலில் 32 பிட் வகைகள் மட்டுமே தெரிந்தன. 64 பிட் உபுண்டு இல்லவே இல்லை. கணினி அவ்வளவு பழசு போலிருக்கிறது, ஏமாந்துவிட்டோம் என்று விற்றவர் மேல் கோபம் வேறு. அவர் பாவம். கணினி தொடங்கும்போது வரும் பயாஸ் அமைப்பில் மெய்நிகராக்கம் (கணினிக்குள் கணினி ஓட்ட சிபியு தரும் வசதி) அணைக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான். இன்டெல் என்றால் 'விடி-எக்ஸ்', ஏஎம்டி என்றால் 'எஸ்விஎம்' என்ற பெயரில் இருக்கும். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தைத் திறந்தால் அது இயங்குகிறதா இல்லையா என்று அங்கேயே எழுதியிருக்கிறது. நான் அதைப் பார்த்தது மூன்று நாள் கழித்து.

பிறகு இன்னொரு கூத்து. கணினியில் இருந்ததே 4 ஜிபி நினைவகம். தாராளமாக 3 ஜிபியைத் தூக்கி மெய்நிகர் இயந்திரத்துக்குக் கொடுத்தேன். அளவுகோல் பச்சையைத் தாண்டிச் சிவப்புக்குப் போனதைப் பார்த்துக்கொண்டேதான் கொடுத்தேன். விண்டோஸ் அப்படியே உறைந்துவிட்டது. இப்போது திரைத்தோற்றம் இல்லாத சர்வர் பதிப்பை 1 ஜிபியில் ஓட்டுகிறேன், என் சின்ன வேலைகளுக்குத் தாராளம்.

*

எனக்கு வாய்த்தது வலையமைப்பு. மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஐபி முகவரி கேட்டால் 10.0.2.15 என்கிறது. அதை விண்டோஸ் உலாவியில் அடித்துவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தவன் நான். இயல்பாக வரும் 'நாட்' முறையில் உள்ளிருந்து வெளியே போகலாம், வெளியிலிருந்து அந்த முகவரிக்கு வர வழியில்லை என்று பிறகு தெரிந்தது. விண்டோஸின் 8080 ஆம் போர்ட்டை (கணினிக்குள் நுழையும் எண்ணிட்ட வாசல்) உள்ளே இருக்கும் 80க்குத் திருப்பினேன், என்ஜின்எக்ஸ் வந்தது. நோடில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் மட்டும் வரவில்லை, அதற்கும் 3000 ஆம் போர்ட்டைத் திருப்பியிருந்தபோதிலும். அது 127.0.0.1 இல் மட்டும் காது வைத்திருந்தது: வீட்டுக்குள் கூப்பிட்டால் கேட்கும், வாசல் கதவைத் தட்டினால் கேட்காது. எந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாலும் கேட்கும்படி 0.0.0.0 என்று மாற்றியதும் சரியானது.

*

தம்பி, முதலில் எழுதியவரைத்தான் சொல்கிறேன். சென்ட்ஃபைலைக் கண்டுபிடித்தது நல்ல வேலை. ஆனால் நீங்கள் எதற்காக இதில் இறங்கினீர்கள்? பெரிய எழுத்து, சின்ன எழுத்துக்காக. கோப்புகள் இன்னும் விண்டோஸ் வட்டில்தானே இருக்கின்றன? பகிர்ந்த கோப்புறையில் பெயரைத் தேடிக் கொடுப்பது விண்டோஸ். லினக்ஸ் எந்த எழுத்தில் கேட்டாலும் அது எடுத்துக் கொடுத்துவிடும். லோகோவின் பெயரைத் தப்பாக எழுதி ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

மெய்நிகர் இயந்திரத்தை ஒரு கோப்பில் எழுதி உருவாக்கும் வேக்ரண்ட் வந்த காலத்திலிருந்து நான் இதைச் செய்து வருகிறேன். பகிர்ந்த கோப்புறையை விட்டுப் பல வருடம் ஆகிறது. அதன் வழியாகக் கோப்பு மாறிய செய்தியும் லினக்ஸுக்கு எட்டாது. மாற்றத்தைக் கவனித்துத் தானாகத் தொகுக்கும் கருவிகள் எல்லாம் சும்மா உட்கார்ந்திருக்கும். கோப்புகளை மெய்நிகர் இயந்திரத்தின் சொந்த வட்டிலேயே வையுங்கள், எடிட்டரை எஸ்எஸ்எச் என்ற தொலை இணைப்பு வழியாக அங்கே இணையுங்கள். விஎஸ் கோடு எடிட்டரில் அதற்கு நீட்சி இருக்கிறது. ஆனால் இயந்திரத்தை அழித்தால் நிரலும் போய்விடும். நிரலின் பதிப்புகளைக் காக்கும் கிட் வழியாகத் தினமும் வெளியே ஏற்றும் பழக்கம் இல்லையென்றால் இந்த வழி வேண்டாம்.

பழைய வேக்ரண்ட் கோப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 192.168.33.10 என்ற முகவரி வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. 2021 இல் விர்ச்சுவல்பாக்ஸ் 6.1.28 க்கு மாறியதும் என் லினக்ஸ் கணினியில் இயந்திரம் எழும்ப மறுத்தது. அந்தப் பதிப்பிலிருந்து லினக்ஸிலும் மேக்கிலும் 192.168.56 முதல் 192.168.63 வரையிலான வரிசைதான் இயல்பாக அனுமதி. நடுவில் ஓர் எண்ணை மாற்றினால் போதும். அது தெரியாமல் நான் எல்லாவற்றையும் நீக்கி, இரண்டு முறை மறுபடி நிறுவினேன்.

*

ஐயா, சோதித்துவிட்டேன். லோகோவின் பெயரை முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதினேன். படம் ஜம்மென்று வந்தது. இரண்டு மாதமாக லினக்ஸில் சோதிக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு விண்டோஸில்தான் சோதித்திருக்கிறேன்.

நேற்று கோப்புகளை உள் வட்டுக்கு மாற்றினேன். அதே தப்பான பெயர், உடனே 404 (கோப்பு இல்லை என்ற பிழை). அத்தோடு நிற்காமல், இந்த இரண்டு மாதத்தில் செய்து கொடுத்த இன்னொரு தளத்தையும் அங்கே ஓட்டிப் பார்த்தேன். இரண்டு படங்கள் வரவில்லை. அந்த வாடிக்கையாளர் இன்னும் கூப்பிடவில்லை. அவர் பார்ப்பதற்குள் திருத்தி ஏற்றப் போகிறேன்.