லேண்ட் மாஸ்டர் ஏற்றினால் பெல்ட் தளர்ந்துகொண்டே வருகிறது, உதவி தேவை

வெலிமடை தம்பி:
வணக்கம் அண்ணன்மாரே. வெலிமடையிலிருந்து தலவாக்கலைக்கு என் சின்ன லொறியில் ஒரு லேண்ட் மாஸ்டரை (இரண்டு சில்லுக் கை உழவு மெஷின்) கொண்டுபோனேன். சுமார் 400 கிலோ இருக்கும். புது ராட்செட் பெல்ட் (பல் சக்கரத்தால் இறுக்கும் கட்டுப் பட்டி) இரண்டில், ஒன்றை ஹேண்டிலுக்கு மேலாலும் மற்றதை இன்ஜின் மூடிக்கு மேலாலும் போட்டுக் கிண்ணென்று இறுக்கினேன். ஹக்கலை வளைவுகளிலேயே ஒன்று தொளதொளத்துவிட்டது. நுவரெலியாவில் நிறுத்தி மறுபடி இறுக்கினேன். நானுஓயா தாண்டிப் பார்த்தால் அதே கதை, ஒரு ஹூக் கழன்றே கிடக்கிறது. ராட்செட் பழுதா? அடுத்த வாரம் இன்னொன்று ஏற்ற வேண்டும்.

மூடுபனி:
மழையில் பெல்ட் நீண்டிருக்கும். ராட்செட் கைப்பிடியில் ஒரு பைப்பைச் சொருகி இன்னும் இறுக்குங்கள்.

பதுளை லொறிக்காரன்:
பைப் மட்டும் வேண்டாம். கைப்பிடி கையால் இழுக்கத்தான் செய்யப்பட்டது, பைப் போட்டால் பல் உடையும். நனைந்து நீளுவது நைலோன் கயிறு. இந்த பெல்ட் பாலியெஸ்டர், நீலச் சீட்டுத் தைத்திருக்கும். தம்பி, மெஷின் டயரில் நின்றதா, இரும்புச் சில்லிலா? ராட்செட் உருளையில் பெல்ட் எத்தனை சுற்று இருந்தது?

வெலிமடை தம்பி:
டயரில்தான் அண்ணே. காற்று நிறைய இருந்தது. சுற்று ஐந்தாறு இருக்கும்.

பதுளை லொறிக்காரன்:
அப்போ ராட்செட்டில் குறை இல்லை. டயர்தான் ஸ்ப்ரிங். குழியில் விழும்போது டயர் அமுங்குகிறது, அந்த நொடி பெல்ட் தொய்கிறது, திறந்த வாய் ஹூக் நழுவுகிறது. ஹேண்டில் வளையும் பைப், மூடி வெறும் தகரம். இரண்டும் பெல்ட்டைத் தாங்காது.

மெஷினை ஜாக்கில் தூக்கி, அச்சுக்குக் கீழே கனமான மரக்கட்டை வைத்து இறக்குங்கள். டயரில் பாரம் குறைந்து, கட்டை மேல் நிற்கும். அப்புறம் மேலால் போடாமல் அச்சிலும் முன் சட்டத்திலும் மாட்டி, நான்கு மூலைக்கும் குறுக்காக நான்கு பெல்ட் இழுங்கள். மேலால் போடும் பெல்ட் அழுத்தத்தான் செய்யும், உராய்வை நம்பியே மெஷின் நிற்கும். ஐரோப்பிய முறையில் பிரேக்குக்குப் பாரத்தில் 80 சதவீதம் முன்னுக்கும், வளைவுக்கு 50 சதவீதம் பக்கத்துக்கும் கணக்கு வைப்பார்கள். உங்களுக்கு அது 320 கிலோவும் 200 கிலோவும்.

உருளையில் மூன்று சுற்றுக்கு மேல் வேண்டாம். முதலில் கையால் நன்றாக இழுத்துவிட்டுத்தான் ராட்செட்டை ஆட்ட வேண்டும். கியரில் போடுங்கள், எண்ணெய்க் குழாயை மூடுங்கள் (இதை மறந்து என் லொறித் தட்டு ஒரு மாதம் டீசல் நாறியது).

மூடுபனி:
சரி, பைப் யோசனையை வாபஸ் வாங்குகிறேன். கடையில் 'இத்தனை டன்' என்பது பெரும்பாலும் அறும் பாரம். சீட்டில் எல்.சி. (கட்டும்போது பெல்ட்டுக்குக் கொடுக்கக்கூடிய உச்சப் பாரம்) என்று இருப்பதைப் பாருங்கள், அது அதில் பாதிக்கு மேல் இருக்காது.

வெலிமடை தம்பி:
நேற்றுக் கட்டை வைத்துக் கொண்டுபோனேன். ஐந்து கிலோமீட்டரில் ஒருமுறை பார்த்து இறுக்கியதில் ராட்செட் இரண்டு பல் ஏறியது, பிறகு தலவாக்கலை வரை அசையவில்லை. ஆனால் முதல் தடவை போட்ட பெல்ட் ஒன்றில் மூடி விளிம்பு 3 மில்லிமீட்டர் வெட்டியிருக்கிறது. அகலம் 25. தைத்தால் போதுமா?

பதுளை லொறிக்காரன்:
வேண்டாம். அகலத்தில் பத்தில் ஒன்றுக்கு மேல் வெட்டு என்றால் பெல்ட் முடிந்தது. மரக்கறி மூட்டைக்குக்கூடப் போடாதீர்கள், நாயைக் கட்ட வைத்துக்கொள்ளுங்கள்.